பழைய ஸ்கேன் இருந்த டிஸ்க்

கொடைக்கானலில் எது கெட்டுப்போனாலும் நாங்கள் முதலில் ஈரத்தைத்தான் குறை சொல்லுவோம். தீக்குச்சி பற்றவில்லையா, ஈரம். கதவு சாத்த வரவில்லையா, ஈரம். உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்வது, பட்டுப்புடவையில் பூஞ்சணம் பிடிப்பது, மூட்டுவலி, சளி, எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். பாதி நேரம் அது உண்மையும்கூட. மீதிப் பாதி நேரம் வேறு காரணம் தேட எங்களுக்குப் பொறுமை இருப்பதில்லை. என்னைச் சொல்ல வேண்டுமென்றால், பொறுமை என்பது எனக்கு எந்த நேரத்திலும் இருந்ததில்லை.

நான் டவுனில் ஒரு பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. வில்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறவள். வீட்டுக்காரருக்கு ஊரில் தோட்டம். கேரட், பூண்டு, பீன்ஸ் என்று மாற்றி மாற்றிப் போடுவார். ஒரே மகள், கட்டிக்கொடுத்துக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கேலியாகத்தான் சொல்வார்கள், ஆனால் பொய் இல்லை.

அந்த வருஷம் ஆடியில் அவரைப் பிடித்த இருமல் ஐப்பசி வரை விடவில்லை. கஷாயம், மாத்திரை, ஊசி எல்லாம் ஆயிற்று. டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மதுரைக்குப் போங்கள் என்றார்கள். மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் ஒரு முடிச்சு, பதினேழு மில்லிமீட்டர். அங்கே இருந்த ஆபரேஷன் டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர், நறுக்கென்று பேசுகிற பெண். படத்தைத் திரையில் காட்டி விவரமாகச் சொன்னார்.

"இளவயசுல டிபி வந்து மாத்திரை சாப்பிட்டேன்னு சொல்றீங்க. இது அந்த வடுவாக்கூட இருக்கலாம். வடுன்னா பழைய ஸ்கேன்லயும் இதே எடத்துல, இதே அளவுல இருக்கும். அப்படின்னா தொட வேண்டாம், விட்டுரலாம். பழசுல இல்லாம புதுசா வந்திருந்தா ஆபரேஷன்தான். நாலு வருஷம் முன்னாடி ஒரு ஸ்கேன் எடுத்தோம்னு சொன்னீங்களே, அது எனக்கு வேணும்."

நாலு வருஷத்துக்கு முன் அவர் கேரட் மூட்டையோடு தோட்டத்துக் கல்கட்டிலிருந்து கீழே விழுந்தார். நெஞ்சில் வலி தாங்க முடியாமல் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தோம். விலா எலும்பு எதுவும் உடையவில்லை என்றார்கள், வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த ஸ்கேன் என்னிடம் இருக்கிறது என்று டாக்டரிடம் பெருமையாகவே சொன்னேன். வீட்டில் ஒரு காகிதத்தையும் நான் தொலைத்ததில்லை.

"வெள்ளிக்கிழமை காலையில நாங்க எல்லா டாக்டரும் சேந்து உக்காந்து பாப்போம். அதுக்குள்ள வந்துரணும். தவறினா அடுத்து மூணு வாரம் ஆகும். நீங்க வரவேண்டாம், லிங்க்கா அனுப்புனாப் போதும்" என்றார்.

அது திங்கட்கிழமை. சாயங்காலம் மழையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மறுநாள் விடியும்போது மலைப்பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்து வத்தலக்குண்டு ரோடு அடைத்துவிட்டது. பழனி ரோட்டிலும் மரம் விழுந்து கிடப்பதாகச் சொன்னார்கள். பள்ளிக்கு லீவு. நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்ற நினைப்புக்கே வழியில்லாமல் போயிற்று.

பீரோவைத் திறந்து பழைய ஸ்கேன் உறையை எடுத்தேன். ஃபிலிம் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்தால் கறுப்பு உரிந்து வந்தது. அவற்றோடு வைத்திருந்த ரிப்போர்ட் காகிதம் ஃபிலிமோடு பசை போட்டாற்போல ஒட்டி, எழுத்தெல்லாம் நீலச் சாயமாகக் கரைந்திருந்தது. நல்ல வேளை, டிஸ்க்கை நான் தனியாக என் சர்டிபிகேட் வைக்கும் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

என் லேப்டாப் பழசு. வேலையை விட்டுப் போன டீச்சர் ஒருவரிடமிருந்து வாங்கியது. செங்கல் கனம் இருக்கும், ஆனால் பக்கவாட்டில் டிஸ்க் போடுகிற டிரைவ் உண்டு. இப்போது வருகிற மெலிந்த லேப்டாப் எதிலும் அது கிடையாது. அதை மேசையில் வைத்து டிரைவ் பட்டனை அமுக்கினேன். தட்டு வரவில்லை. மறுபடி அமுக்கினேன். பக்கத்தில் எரிய வேண்டிய பொட்டு விளக்கும் எரியவில்லை. திரையில் போய்ப் பார்த்தால் சி இருக்கிறது, டி இருக்கிறது, மூன்றாவதாக இருக்க வேண்டிய டிஸ்க் படம் இல்லை. அப்படி ஒரு டிரைவ் தனக்கு இருப்பதே தெரியாது என்பதுபோல அந்த மிஷின் உட்கார்ந்திருந்தது.

பள்ளியில் பிரிண்டர் ஓடவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த கர்வம் எனக்கு உண்டு. அதனால் முதலில் பயப்படவில்லை. அணைத்துப் போட்டேன். மூன்று தடவை அணைத்துப் போட்டேன். டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன், மிஷினுக்குள் இருக்கிற பாகங்களின் பட்டியல் அது. கீபோர்டு இருந்தது, மவுஸ் இருந்தது, எப்போதோ செருகிய பழைய பென்டிரைவ்கூட மங்கலாக இருந்தது. டிவிடி என்ற வரியே இல்லை. போனில் ஒரு வீடியோவைப் பார்த்து அதில் பேசியவன் சொன்னபடி எதை எதையோ நீக்கி, மறுபடி அணைத்துப் போட்டேன். மவுஸ் போய்விட்டது, டிவிடி வரவில்லை. மவுஸை மீட்க அரைமணி நேரம் ஆயிற்று.

குண்டூசியை டிரைவின் ஓட்டையில் விட்டுக் குத்தினால் தட்டு கையோடு வந்தது. டிஸ்க்கை வைத்து மூடினேன். சுற்றுகிற சத்தமே இல்லை. காதை வைத்துக் கேட்டேன், மழைதான் கேட்டது.

அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது சரியா உக்காரலயோ என்னமோ" என்றார்.

"எது உக்காரல? உங்களுக்கு என்னங்க தெரியும் இதப்பத்தி? போயி அடுப்புப் பக்கம் உக்காருங்க, இருமல் வரப்போவுது" என்றேன்.

அவர் போய் உட்கார்ந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லிவைத்தவர்கள் ஆத்திரக்காரியைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

டவுனில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருத்தர் உண்டு, ஐம்பது வயதுக்காரர், கைராசிக்காரர். போன் போட்டால் அவர் சாமான் வாங்க மதுரைக்குப் போய்விட்டு, ரோடு அடைத்ததில் வத்தலக்குண்டில் மாட்டிக்கொண்டு லாட்ஜில் கிடந்தார். போனிலேயே வழி சொன்னார்.

"ஆன் பண்ணும்போதே எஃப் ரெண்டை விடாம அமுக்குங்கம்மா. நீலமா ஒரு பக்கம் வரும். அதுல டிரைவ் பேரு இருக்கா பாருங்க."

பார்த்தேன். ஹார்டு டிஸ்க் பெயர் இருந்தது. அடுத்த வரியில் ஒன்றுமில்லை என்று போட்டிருந்தது.

"அதுலயே இல்லன்னா சாஃப்ட்வேர் தப்பு கெடையாது. கரண்டே அதுக்குப் போகலன்னு அர்த்தம். ஈரம் ஏறியிருக்கும்மா. இந்த மழையில நான் எத்தனை பாத்திருக்கேன். ரெண்டு நாள் நல்லா காய வச்சுப் போடுங்க, எந்திரிச்சிரும்."

அவர் குரல் கேட்டதும் எனக்கு நிம்மதி. நான் எதை நினைத்தேனோ அதையே அவரும் சொல்லிவிட்டார். வேறு யாரிடமாவது டிரைவ் இருக்குமா என்றும் விசாரித்தேன். பள்ளி கம்ப்யூட்டர்களில் போன வருஷமே எடுத்தாயிற்று. கல்யாண வீடியோவை டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரர், "அதையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சுக்கா" என்றார். திண்டுக்கல் ஸ்கேன் சென்டரில் மூன்று வருஷத்துக்கு மேல் படத்தை வைத்திருப்பதில்லையாம். ஆக, வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு பதில் இந்த மலையில் ஒரே டிஸ்க்கில் இருந்தது, அதைப் படிக்கக்கூடிய மிஷின் என் மேசையில் ஒன்றுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு எரியும். துணியில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க. மேல்தட்டுப் புடவைகளை எல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு லேப்டாப்பை பல்புக்குப் பக்கத்தில் விரித்து வைத்து மூடினேன். மத்தியானம் கரண்டு போயிற்று. பல்பு அணைந்தது. அப்புறம் கணப்புச் சட்டியில் கரி போட்டு, நாலடி தள்ளி ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து, புதன்கிழமை முழுக்க அரைமணிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பி வைத்தேன். முறுக்கு வற்றல் காயவைக்கிறவள் மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சட்டி அவர் குளிர் காய்கிற சட்டி. அவர் இருமிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கையை நீட்ட வந்தவரை, "நெஞ்சுக்குள்ள புகை போவும், தள்ளுங்க" என்று தள்ளியதும் நான்தான்.

அந்த இரண்டு நாளில் நான் வேண்டாத சாமி இல்லை. வடுவாக இருக்க வேண்டும், பழைய படத்திலும் அதே அளவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டினேன். மகளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். எனக்குக் கோபம் வரும். மழையைத் திட்டினேன், கரண்டு ஆபீஸைத் திட்டினேன், டிரைவ் இல்லாத லேப்டாப்பைக் கண்டுபிடித்தவனைத் திட்டினேன். கையெட்டுகிற தூரத்தில் இருந்தவர் அவர்தான், அதனால் அவருக்கும் நிறைய விழுந்தது.

வியாழக்கிழமை வெள்ளனே கரண்டு வந்தது. குளிக்கக்கூட இல்லை, லேப்டாப்பை எடுத்து ஆன் பண்ணினேன். எஃப் இரண்டை அமுக்கினேன். நீலப் பக்கம் வந்தது. ஒன்றுமில்லை என்றே போட்டிருந்தது. இரண்டு நாள் காய்ந்த மிஷின், தொட்டால் சூடு, ஒரு சொட்டு ஈரம் இருக்க நியாயமில்லை.

நான் அதை மேசையில் தள்ளிவிட்டு, "போங்க, எல்லாம் போங்க. எனக்குத் தெரியாது. நாளைக்கு அவுங்க என்ன வேணா பண்ணிக்கிடட்டும்" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அவர் முன்னால் நான் அழுது ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

அவர் கம்பளியை இறக்கி வைத்துவிட்டு வந்து லேப்டாப்பைக் கையில் எடுத்தார். பூண்டை எடைபோடுகிறவர் மாதிரி ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் கட்டைவிரலை வைத்துப் பையப் பைய ஓட்டிக்கொண்டு வந்தார். டிரைவ் இருக்கிற இடத்தில் விரல் நின்றது.

"இந்தா, இங்க தடவிப் பாரு. இந்தப் பக்கம் ஒரு நெல்லு கனம் வெளிய நிக்குது. அன்னிக்கே சொன்னேன்."

தடவினேன். நின்றது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, விரலுக்குத் தெரிந்தது. அவர் லேப்டாப்பை வயிற்றோடு அணைத்துப் பிடித்து உள்ளங்கையால் டிரைவை ஒரு அழுத்து அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். "இங்க ஒரு திருகாணி இருக்கணுமே, ஓட்டையா கெடக்கு."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தை பிறந்து வெயில் விழுந்தால் இங்கே எல்லார் வீட்டிலும் கம்பளி, மெத்தை, தலையணை எல்லாம் முற்றத்துக்கு வரும். மழைக்காலத்து ஈரத்தை வெயிலில் போட்டு எடுப்பது வழக்கம். நான் லேப்டாப்பையும் போடுவேன். அந்தத் தையில் அடியில் இருந்த ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி, டிரைவை மேசை டிராயர்போல உருவி வெளியே எடுத்து, கம்பளிமேல் வைத்துக் காயவிட்டேன். சாயங்காலம் கம்பளியை உதறியபோது ஸ்க்ரூ எங்கேயோ போயிற்று. ஒரு ஸ்க்ரூதானே என்று டிரைவை அப்படியே உள்ளே தள்ளிவிட்டேன். அதற்கப்புறம் பத்து மாதம் பையில் போட்டு வில்பட்டி பஸ்ஸில் தினமும் குலுக்கிக்கொண்டு போய் வந்திருக்கிறேன். அது நெல்லு நெல்லாக வெளியே நகர்ந்திருக்கிறது. ஈரத்துக்குப் பயந்து நான் செய்த வேலைதான் அதைக் கெடுத்தது, அதற்கும் ஈரத்தின் மேலேயே பழி போட்டு இரண்டு நாளைத் தொலைத்தேன்.

அவர் பம்ப்செட் வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பைக் கொண்டுவந்து டிரைவ் நகராமல் இழுத்து ஒட்டினார். ஆன் பண்ணினேன். பொட்டு விளக்கு பச்சையாக எரிந்தது. உள்ளே டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்டது. திரையில் மூன்றாவது படம் வந்து உட்கார்ந்தது, அதன் கீழே அவர் பெயரும் வயதும்.

"வந்துருச்சா?" என்றார்.

"வந்துருச்சு."

"அப்ப வெரசா அனுப்பு. நான் ஷெட்டுல பூண்டு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து போன் சிக்னலில் ஏற்றப் பார்த்தேன். இரண்டு நாள் மழையில் வீட்டுக்குள் சிக்னல் சுத்தமாகப் போயிருந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மேட்டில் போனை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு வைத்து, ஜன்னலோரம் லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். மூன்று மணி நேரம் ஆகும் என்று காட்டியது. சும்மா உட்கார முடியாமல் டிஸ்க்கில் வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். படங்கள் ஒரு ஃபோல்டரில், இன்னொரு ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைல். ரிப்போர்ட். பீரோவில் நீலச் சாயமாகக் கரைந்துபோன அதே ரிப்போர்ட்.

இங்கிலீஷில் இருந்தது. முதல் வரி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. விலா எலும்புகளில் முறிவு இல்லை. இரண்டாவது வரியில் இருதயம் சரியாக இருக்கிறது. மூன்றாவதில் பழைய டிபியின் அடையாளம் இடது பக்கம். நாலாவது வரியில், வலது நுரையீரல் மேல்பகுதியில் ஆறு மில்லிமீட்டரில் ஒரு சிறு முடிச்சு. ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும்.

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

நாலு வருஷத்துக்கு முன் என்ன நடந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஸ்கேன் எடுத்த அன்று திண்டுக்கல் டாக்டர் படத்தைப் பார்த்து எலும்பு உடையவில்லை என்று வாயால் சொன்னார். எழுதிய ரிப்போர்ட்டும் டிஸ்க்கும் அடுத்த வாரம்தான் தயாராயின. திண்டுக்கல் போய் வாங்கி வந்தவள் நான். ஆபீஸில் இருபது வருஷமாக என் வேலை வருகிற கடிதத்தை ஃபைல் பண்ணுவது. முதல் வரியைப் பார்த்ததும் இது எந்த ஃபைலுக்குப் போகும் என்று கை தானாக முடிவு பண்ணிவிடும். பஸ்ஸில் உட்கார்ந்து முதல் வரியைப் பார்த்தேன். முறிவு இல்லை. உறையில் போட்டேன், வீட்டுக்கு வந்து பீரோவில் வைத்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர், "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டதும், "ஒன்னுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்று நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. வீட்டில் ஒரு காகிதத்தையும் தொலைக்காதவள் நான். ஆனால் ஒன்றையும் முழுக்கப் படித்தவள் இல்லை.

ரிப்போர்ட் தனி ஃபோல்டரில் இருந்தது. டாக்டர் கேட்டது படங்களை மட்டும்தான். இதை அனுப்பாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஏறிக்கொண்டிருந்ததை நிறுத்தி, ரிப்போர்ட்டையும் சேர்த்து முதலிலிருந்து ஏற்றினேன். அதில் நல்லெண்ணம் ஒன்றுமில்லை. மறைத்தது பிறகு தெரிந்தால் என்ன ஆகும் என்கிற பயம்தான்.

அப்புறம் ஷெட்டுக்குப் போனேன். அவர் சாக்கை விரித்து உட்கார்ந்து அழுகின பூண்டைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். முடிச்சு அப்போதே இருந்திருக்கிறது, சின்னதாக. இப்போது மூன்று மடங்கு. வடு என்றால் வளராது. ஆறு மாதத்தில் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார்கள், நான் படிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் கையில் இருந்த பூண்டைக் கீழே வைக்கவில்லை. தோலை மட்டும் நிமிண்டிக்கொண்டே இருந்தார்.

"இப்பத்தான் பாத்தியா?"

"இப்பத்தாங்க பாத்தேன்."

கையில் இருந்ததை அழுகின பூண்டோடு போட்டார். "மக கிட்ட நீயா எதும் சொல்லிக்கிட்டிராத. நான் சொல்லிக்கிடுறேன்" என்றார். பிறகு, "அனுப்புற சோலி முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"ஏறிக்கிட்டிருக்கு."

"அப்ப அதப் பாரு, போ. இங்க ஈரமாக் கெடக்கு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். தொட்டி மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். அவருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

ஆபரேஷன் கட்டாயம் என்றார். மெதுவாகத்தான் வளர்ந்திருக்கிறது, வேறு இடத்துக்குப் பரவின மாதிரி தெரியவில்லை, அந்தப் பகுதியை எடுத்துவிடலாம், ரோடு திறந்ததும் வந்து சேருங்கள் என்றார். அவ்வளவும் சொல்லி முடித்ததும் குரல் மாறியது.

"அந்த ரிப்போர்ட்ல ஆறு மாசத்துல திரும்ப எடுத்துப் பாக்கச் சொல்லித் தெளிவா எழுதியிருக்காங்களே. நாலு வருஷம் ஏன் பாக்கல? அப்பவே எடுத்திருந்தா எவ்வளவு சின்ன வேலை தெரியுமா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர் போன் பக்கம் குனிந்து, "நாந்தாங்கம்மா வேண்டாம்னுட்டேன். வீட்டுல சொன்னாங்க. தோட்டத்துல வேலை கெடந்துச்சு, நல்லாத்தான இருக்கேன்னு விட்டுட்டேன்" என்றார்.

டாக்டர் அவரை ஏசினார். உடம்பைவிட வேலை பெரிதா, படித்த மனைவி சொன்னால் கேட்க வேண்டாமா, உங்களை மாதிரி ஆட்களால்தான் எங்களுக்குக் கஷ்டம் என்றெல்லாம் ஏசினார். அவர் ஒவ்வொன்றுக்கும், "ஆமாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டு குடைக்குக் கீழே தலையைக் குனிந்து நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். ஊரில் எல்லாருக்கும் பதில் சொல்கிற வாய் அன்றைக்கு மூடிய மூடு திறக்கவில்லை.

மார்கழி பிறப்பதற்கு முன் ஆபரேஷன் ஆயிற்று. வலது பக்கம் மேல்பகுதியை எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதித்துப் புற்றுதான் என்று சொன்னார்கள், ஆரம்பக் கட்டத்தைக் கொஞ்சம் தாண்டியது என்று சொன்னார்கள். அப்புறம் ஊசி மருந்து நாலு தடவை. இப்போது தோட்டத்தில் கீழ்ப் பாத்திவரைக்கும் நடந்து போய் உட்கார்ந்திருக்கிறார், மேலே ஏற மூச்சு வாங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போகிறோம். ஒவ்வொரு தடவையும் அந்த டாக்டர் அவரைப் பார்த்து, "அன்னிக்கே பொண்டாட்டி பேச்சக் கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்பார். அவர் சிரிப்பார். மகளிடமும் அதையே சொல்லிவைத்திருக்கிறார். அவள் வாரம் ஒரு தடவை போனில், "ஏம்ப்பா அப்ப போகல, அம்மா சொன்னாங்கல்ல" என்று அழுகிறாள். அதற்கும், "ஆமாத்தா, தப்புத்தான்" என்கிறார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். இதுவரைக்கும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். இடம் மாறி, அந்தக் காகிதத்தைப் படிக்காமல் மடித்து வைத்தவர் அவராக இருந்திருந்தால், நான் சாகிறவரைக்கும் சொல்லிக்காட்டியிருப்பேன். சோறு போடும்போது சொல்லியிருப்பேன், மாத்திரை கொடுக்கும்போது சொல்லியிருப்பேன். அவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன தடவை மதுரையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவரிடம் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள், பழியை ஏன் உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், வேறு விதமாகக் கேட்க எனக்கு வராது.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அவுங்க ஏசுனா நீ தாங்கமாட்ட. எனக்கென்ன, நான் ஏச்சு வாங்கிப் பழகுன ஆளுதான" என்றார்.

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்குக் குத்திப் பேசத் தெரியாது. உள்ளதைத்தான் சொன்னார்.